கண்ணின் கடைமடை



திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த சேவுகம்பட்டி என் தாயார் பிறந்த ஊர். மேற்கே மலைத்தொடர் நீலமாய்த் தெரியும். மருதாநதியில் நீர் வந்துவிட்டால் வாய்க்கால்கள் நிரம்பி, தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் குளிர்ந்து கிடக்கும். பள்ளி விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் என் தாய்மாமன் என்னை வயலுக்கு அழைத்துச் செல்வார். ஒருநாள் நான் வாய்க்காலைப் பார்த்து, "மாமா, நிறையத் தண்ணீர் போகிறதே!" என்றேன். அவர் சிரித்தார். "வாய்க்கால் நிறைந்திருப்பது ஒன்று, மாப்பிள்ளை. தண்ணீர் ஓடுவது இன்னொன்று" என்று சொல்லி, ஒரு பூவரசிலையைக் கிள்ளி நீரில் விட்டார். அந்த இலை பத்தடி தூரம் போவதற்குள் எத்தனை எண்ணலாம் என்று என்னை எண்ணச் சொன்னார். பிறகு வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் மண்வெட்டிக் காம்பால் அளந்தார். வேகமும் தெரிந்தது, குறுக்குப் பரப்பும் தெரிந்தது. இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு நீர் போகிறது என்பது தெரிந்துவிடும். பள்ளியில் அடியெடுத்து வைக்காத மனிதர் அன்று எனக்குக் கற்பித்தது பௌதிகம்.

அந்தப் பாடத்தையே இன்று உங்களுக்கு வேறோர் இடத்தில் வைத்துச் சொல்லப் போகிறேன். அந்த இடம் நம் கண். கண்ணுக்குள் ஓடும் குருதியை மனிதன் எவ்வாறு முதலில் கண்டான், பின்னர் எவ்வாறு படம் பிடித்தான், கடைசியில் எவ்வாறு அளக்கக் கற்றான் என்பதே என் பேச்சின் பொருள்.

உடல் முழுவதும் குருதி ஓடுகின்றது. ஆயினும் தோலைக் கிழிக்காமல், கருவியை உள்ளே நுழைக்காமல், குருதிக் குழாய்களை அவற்றின் இயல்பான நிலையில் நேராகக் காணக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. கண்மணியின் வழியே உள்ளே நோக்கினால், பின்சுவரில் விழித்திரை மீது அவை மரக்கிளைகளைப் போலப் பரந்து கிடப்பதைக் காணலாம். இறைவன் உடலுக்கு வைத்த சன்னல் அது என்று சொன்னாலும் தவறில்லை. ஆனால் அந்தச் சன்னல் நெடுங்காலம் இருண்டே கிடந்தது.

1819ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. இன்று எழும்பூரில் இருக்கும் அரசினர் கண் மருத்துவமனை அதுவேயாகும். உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் அதன் கதவு திறந்த நாளில், உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கத்தக்க கருவி இலண்டனிலும் இல்லை, பாரிசிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. நோயாளி "எனக்குப் பார்வை மங்குகிறது" என்பார். மருத்துவர் அவருடைய கண்மணியை நோக்குவார். அங்கே கருமையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஏறத்தாழ அதே காலத்தில் பிராகு நகரில் புர்க்கினி என்ற இளைஞர் தம் கண்ணையே சோதனைச் சாலையாக்கிக் கொண்டிருந்தார். இருட்டில் ஒரு மெழுகுவர்த்தியைக் கண்ணுக்குப் பக்கத்தில் மெல்ல அசைத்தபோது, எதிரே இலையுதிர்ந்த மரம் போன்ற ஒரு நிழல் தோன்றியது. அது தம் விழித்திரைக் குழாய்களின் நிழலே என்று அவர் உணர்ந்தார். பிறருடைய கண்ணை நோக்கும் கருவி பிறப்பதற்கு முன்பே, ஒரு மனிதன் தன் கண்ணின் குருதிக் குழாய்களைத் தானே கண்டுவிட்டான்!

கண்மணி ஏன் கருமையாகத் தெரிகின்றது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்சு. கண்ணுக்குள் புகும் ஒளி, தான் வந்த வழியே திரும்புகின்றது. அதைக் காண வேண்டுமானால் ஒளி புறப்படும் இடத்திலேயே நம் கண்ணும் இருக்க வேண்டும். ஆனால் அங்கே நம் தலையை வைத்தால் அதுவே ஒளியை மறைத்துவிடும். இந்தச் சிக்கலை அவர் சாய்ந்த கண்ணாடித் தகடுகளைக் கொண்டு தீர்த்தார். விளக்கின் ஒளி தகட்டில் பட்டு நோயாளியின் கண்ணுக்குள் செல்லும். திரும்பும் ஒளியில் ஒரு பகுதி தகட்டை ஊடுருவி மருத்துவரின் கண்ணை அடையும். 1850ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இதனை அறிவித்தார். அடுத்த ஆண்டில் நூலாக வெளியிட்டார். இருண்ட சன்னலில் முதன்முதலாக விளக்கு எரிந்தது.

கண்டதை நிலைநிறுத்த வேண்டுமல்லவா? மருத்துவர்கள் தாம் கண்டதைக் கையால் வரைந்து வைத்தனர். 1886ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் என்னும் இருவர் உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் படம் பிடித்தனர். அதற்கு ஒளி விழவேண்டிய நேரம் இரண்டரை நிமிடம்! அத்தனை நேரமும் கண்ணை அசைக்காமல் வைத்திருந்தவரின் பொறுமையை நாம் வணங்க வேண்டும். 1926ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு நார்டென்சன் வகுத்த ஒளிப்படக் கருவியை ஜெர்மனியின் சைசு நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் விழித்திரைப் படம் மருத்துவமனைகளின் வழக்கமாயிற்று.

ஆயினும், நண்பர்களே, என் மாமா சொன்னதை நினைத்துக் கொள்ளுங்கள். வாய்க்கால் தெரிவது ஒன்று. தண்ணீர் ஓடுவது இன்னொன்று. ஒளிப்படம் வாய்க்காலைக் காட்டியதேயன்றி ஓட்டத்தைக் காட்டவில்லை. தலைமடையில் பெரிய வாய்க்கால் தெரியும். அதிலிருந்து பிரிந்து பிரிந்து கடைமடை வரை செல்லும் நுண்குழாய்கள் தெரியமாட்டா. தந்துகி என்று நாம் சொல்லும் அந்த நுண்குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஐந்தாறு கூறே. சிவப்பணு ஒன்று உடலைக் குறுக்கிக்கொண்டுதான் அதற்குள் நுழைய முடியும்.

ஓட்டத்தைக் காண முதல் வழியைத் திறந்தவர்கள் பெரும் பேராசிரியர்கள் அல்லர். உங்களைப் போன்ற மாணவர்கள். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற நோவோட்னி, ஆல்விசு என்னும் இருவர் அவர்கள். ஃபுளோரசீன் என்றொரு சாயம் உண்டு. 1871ஆம் ஆண்டில் பையர் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர் அதனை உண்டாக்கினார். நீல ஒளி பட்டால் அது மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிரும். இச்சாயத்தைக் கை நரம்பில் ஏற்றினால், அது குருதியோடு கலந்து விழித்திரைக்கு வந்து சேரும்போது அங்கே நீல ஒளி பாய்ச்சிப் படம் எடுக்கலாம் அல்லவா? 1959ஆம் ஆண்டில் அவர்கள் அதைச் செய்தனர். சாயம் ஏற்றப்பெற்றது வேறு எவருக்கும் அன்று, ஆல்விசின் கையிலேயே. அவர்களுடைய கட்டுரையைக் கண் மருத்துவ இதழொன்று ஏற்க மறுத்தது. குருதியோட்டம் பற்றிய வேறோர் இதழ் 1961ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் கண் மருத்துவர்கள் அம்முறையைக் கைக்கொண்டனர்.

இதன் நுட்பம் உங்களுக்குப் புரிந்திருக்கும். மாமா வாய்க்காலில் விட்ட பூவரசிலைதான் இந்தச் சாயம். கையில் ஏற்றிய பத்துப் பதினைந்து வினாடிகளுக்குள் அது விழித்திரையை எட்டுகின்றது. முதலில் தமனிகள் ஒளிரும். பிறகு தந்துகிகள் மின்னும். பின்னர் சிரைகள் நிறையும். எங்கே சாயம் செல்லவில்லையோ அந்த இடம் கரிய திட்டாய் நிற்கும். அங்கே ஓட்டம் நின்றுவிட்டது என்பது பொருள்.

அந்தக் கரிய திட்டுகளை நான் முதலில் கண்டது என் மாமாவின் கண்ணில்தான்.

அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு இருந்தது. "கண்ணைக் காட்டுங்கள் மாமா" என்று நான் சொன்னபோதெல்லாம், "எதிர்வரப்பில் நிற்கும் கொக்கு தெரிகிறது, எனக்கென்ன?" என்பார். உண்மைதான்; தெரிந்தது. ஒருநாள் காலை அவருடைய வலக்கண்ணின் முன் கரிய நூல்கள் தொங்கின. மாலைக்குள் அந்தக் கண் இருண்டுவிட்டது. மதுரைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் சாயம் ஏற்றி இடக்கண்ணைப் படம் எடுத்தார். திரையில் பச்சை ஒளிக் கிளைகளுக்கு நடுவே அங்கங்கே கரிய திட்டுகள் தெரிந்தன. மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். நீரிழிவு பெரிய குழாய்களை அடைக்குமுன் தந்துகிகளை அடைக்கின்றது. குருதி கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்கள் வளருமாறு ஓர் அறிகுறிப் பொருளைச் சுரக்கின்றது. அவ்வாறு வளரும் குழாய்களோ வலுவற்றவை. அவை வெடித்துக் குருதி சிந்தும்போதுதான் நோயாளி முதன்முதலாக நோயை உணர்கின்றார்.

மாமா நெடுநேரம் திரையையே பார்த்திருந்தார். பிறகு, "ஐயா, கடைமடை காய்ந்துவிட்டது, தலைமடையில் நிற்கிறவனுக்கு அது தெரியவில்லை. அப்படித்தானே?" என்று கேட்டார். "இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது, ஐயா" என்றார் மருத்துவர். லேசர் ஒளியால் சிகிச்சை செய்து இடக்கண்ணைக் காப்பாற்றினார்கள். வலக்கண்ணில் பழைய பார்வை திரும்பவில்லை.

இனி வரலாற்றுக்குத் திரும்புவோம். சாயம் ஓட்டத்தைக் காட்டியது. ஆனால் இவ்வளவு என்று எண்ணால் சொல்லவில்லை. மேலும், சாயம் ஏற்றப்பெற்றவருள் சிலருக்குக் குமட்டல் உண்டாகும். மிகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் நேரலாம். ஆகவே அறிஞர்கள் வேறு வழி தேடினர்.

அந்த வழியும் பிராகு நகரிலேயே தொடங்குகின்றது. 1842ஆம் ஆண்டில் அங்கே டாப்ளர் என்ற பேராசிரியர் ஓர் உண்மையை வெளியிட்டார். நம்மை நோக்கி வரும் இரயிலின் ஊதல் கூர்மையாகக் கேட்கும்; கடந்து சென்றபின் தாழ்ந்து கேட்கும். அசையும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறுகின்றது. ஒலிக்குப் பொருந்துவது ஒளிக்கும் பொருந்தும். ஓடுகின்ற சிவப்பணுவில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண்ணும் சிறிது மாறும். அம்மாற்றம் மிகமிக நுண்ணியது. சாதாரண விளக்கொளியில் அதைப் பிரித்தறிய இயலாது. 1960ஆம் ஆண்டில் லேசர் பிறந்தபின் அது கைகூடிற்று. 1972ஆம் ஆண்டில் ரீவா என்பவரும் அவருடைய துணைவர்களும் முயலின் விழித்திரைக் குழாயில் குருதியின் வேகத்தை லேசரால் அளந்தனர். இரண்டே ஆண்டுகளில் மனிதக் கண்ணிலும் அளவு எடுக்கப்பெற்றது.

வேகத்தைக் கண்டாயிற்று, குழாயின் விட்டத்தைப் படத்திலிருந்து அறியலாம். மாமாவின் கணக்கு இங்கே மீண்டும் வருகின்றது: வேகத்தைப் பரப்பால் பெருக்கு. 1985ஆம் ஆண்டில் ரீவாவின் குழுவினர் ஒரு விழித்திரைக்கு நிமிடத்தில் ஏறத்தாழ 33 மைக்ரோலிட்டர் குருதி செல்வதாகக் கணக்கிட்டனர். 1989ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர் கண்ட அளவு ஏறத்தாழ 80. கருவிக்குக் கருவி, முறைக்கு முறை எண் மாறுகின்றது. ஆனால் எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் வியப்பே மிஞ்சும். ஒரு சொட்டு நீர் சுமார் 50 மைக்ரோலிட்டர். அப்படியானால் விழித்திரை பெறுவது நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சொட்டுக் குருதி! விழித்திரையின் அடியிலுள்ள படலத்துக்கு இதைவிடப் பன்மடங்கு குருதி செல்கின்றது என்பது மெய்தான். எனினும் விழித்திரையின் உட்பகுதி நம்பியிருப்பது இந்த ஒரு சொட்டையே. தாயின் முகத்தைக் காண்பதும், பாடநூலைப் படிப்பதும், வானத்து மீனை எண்ணுவதும் அந்த ஒரு சொட்டின் அருளால்.

லேசர் இன்னொரு வழியையும் காட்டிற்று. சுவரில் லேசர் ஒளி விழுந்தால் அது மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாய் மினுங்கும். ஒளி விழும் இடத்தில் ஏதேனும் அசைந்தால் அப்புள்ளிகள் கலைந்து மங்கும். எங்கே அதிகம் மங்குகின்றதோ அங்கே ஓட்டம் விரைவு. இதனைக் கொண்டு குருதியோட்டத்தைப் படமாக்கலாம் என்று ஃபெர்ச்சர், பிரையர்சு என்னும் இருவர் 1981ஆம் ஆண்டில் காட்டினர். பின்னர் ஜப்பானியர் அதனைக் கண் மருத்துவக் கருவியாக வளர்த்தனர்.

1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் ஹுவாங், ஃபுஜிமோட்டோ முதலியோர் ஒளியைக் கொண்டே விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் முறையை வெளியிட்டனர். ஓ.சி.டி. என்று இன்று கண் மருத்துவமனைகளில் எல்லாரும் சொல்வது இதைத்தான். வெங்காயத்தை வெட்டினால் அடுக்குகள் தெரிவது போல, கத்தியின்றியே விழித்திரையின் அடுக்குகள் தெரியும். 2012ஆம் ஆண்டில் ஹுவாங்கும் யாலி ஜியா முதலானோரும் இம்முறையை ஓட்டத்தைக் காணவும் பயன்படுத்தினர். ஒரே இடத்தைச் சில ஆயிரத்தொரு பங்கு வினாடி இடைவெளியில் மறுபடி மறுபடி படம் எடுப்பார்கள். அசையாத திசு எல்லாப் படங்களிலும் ஒன்றாகவே இருக்கும். ஓடும் குருதி மட்டும் படத்துக்குப் படம் மாறும். மாறியதை மட்டும் பிரித்தெடுத்தால் ஓட்டமுள்ள தந்துகிகளின் வலை துலங்கும். ஊசி இல்லை, சாயம் இல்லை. சென்ற முறை மதுரைக்குச் சென்றபோது நானும் அக்கருவியின் முன் முகவாயை வைத்து அமர்ந்தேன். சில வினாடிகளில் என் விழித்திரையின் வலைப்பின்னல் திரையில் விரிந்தது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மிக மெதுவாகச் செல்லும் குருதியை அக்கருவி காணத் தவறலாம். சாயம் கசிவதைக் காட்டியது போல இது கசிவைக் காட்டாது. எங்கே ஓட்டம் உண்டு, எங்கே இல்லை என்று சொல்லும். நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோலிட்டர் என்று தானாகச் சொல்லாது. ஒரு கருவி எதை அளக்கின்றது என்பதைப் போலவே எதை அளக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்வதுதான் அறிவியல் கல்வி.

இத்தனை கருவிகளும் பட்டணத்தோடு நின்றுவிட்டால் கடைமடைக்கு என்ன பயன்? இவ்வினாவைத் தம் வாழ்க்கையாக ஏற்றவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918ஆம் ஆண்டில் பிறந்தவர். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் வளைந்துபோன பின்பும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் ஊர்தோறும் முகாம் அமைப்பது அவருடைய வழி. புரை நீக்கத் தொடங்கிய அம்முகாம்கள் பின்னாளில் விழித்திரையைப் படம் பிடிக்கவும் முனைந்தன. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், நீரிழிவால் கெட்ட விழித்திரையைக் கணிப்பொறியே இனங்காணுமாறு பழக்கினர். அதற்குப் பயன்பட்ட படங்கள் 1,28,175. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அவற்றுள் அடங்கும். நம் ஊர் மக்களின் கண்கள் உலகுக்குப் பாடமாய் அமைந்தன.

தேவையோ பெரிது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சென்னை நகரில் நடந்த ஆய்வொன்று, நீரிழிவு உடையோருள் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை கெட்டிருந்ததாக 2005ஆம் ஆண்டில் அறிவித்தது. நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுப் பேர். அவர்களுள் பலர் என் மாமாவைப் போல, "எதிர்வரப்பிலுள்ள கொக்கு தெரிகிறதே" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். முகிலில்லாத நாளில், கதிரவனுக்கு முதுகைக் காட்டி நின்று, நீல வானத்தைச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். சிறுசிறு ஒளிப்புள்ளிகள் வளைந்து வளைந்து ஓடி மறைவதைக் காண்பீர்கள். அவை வானத்தில் இல்லை. உங்கள் விழித்திரைத் தந்துகிகளில் ஓடும் வெள்ளணுக்களே. சிவப்பணு நீல ஒளியை விழுங்கிவிடும். வெள்ளணு அதற்கு வழிவிடும். 1924ஆம் ஆண்டில் ஷீரர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதனை விளக்கி எழுதினார். முன்னர்ச் சொன்ன ரீவாவே, 1980ஆம் ஆண்டில் பெட்ரிக் என்பவரோடு சேர்ந்து, இப்புள்ளிகளின் வேகத்தைக் கொண்டு ஓட்டத்தை அறியும் முறையை வகுத்தார். காசில்லாமல், கருவியில்லாமல் உங்கள் குருதியின் ஓட்டத்தை நீங்களே காணலாம்.

ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவரின் கடைமடையை அவரால் அப்படிக் காண இயலாது. பார்வை நன்றாக இருக்கிறது என்பது ஓட்டம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. வீட்டில் நீரிழிவு உடையவர் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை அவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்று விழித்திரையைப் பார்க்கச் செய்யுங்கள். என் மாமா இப்போதும் சேவுகம்பட்டியில் ஒற்றைக் கண்ணோடு வாய்க்காலுக்குப் போகிறார். போனவுடன் தலைமடையில் நிற்பதில்லை. நேரே கடைமடைக்குத்தான் நடக்கிறார்.